பன்றித்தோப்பில் இடமில்லை

எங்கள் குரிசாவா ஊரில் ஏப்ரல் பிறந்தால் எல்லாருடைய கஷ்கொட்டைத் தோப்பிலும் கத்தக்குரி என்கிற காட்டுப்பூ மலர்ந்துவிடும். எங்கள் தோப்பில் மட்டும் பூக்காது. காரணம், என் மாமனார் வளர்த்த பன்றிகள். மனிதர் மகா சிக்கனம். தீவனம் எதற்கு, தோப்புதான் இருக்கிறதே என்று பன்றிகளை அவிழ்த்துவிட்டார். அவை உதிர்ந்த கொட்டைகளைத் தின்றன. கொட்டை தீர்ந்ததும் மூக்கால் மண்ணைக் கிளறி, ஒரு சாண் ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்த கத்தக்குரிக் கிழங்குகளையும் ஒன்று விடாமல் தின்று தீர்த்தன. மாவும் இனிப்புமான கிழங்கு அது. அந்த வருடத்துப் பன்றிக்கறியின் ருசியைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. பன்றிகள் போயின, மாமனாரும் போனார், பெயர் மட்டும் போகவில்லை. பன்றித்தோப்பு.

நான் மருமகளாக வந்தபோதே பன்றிகள் கிடையாது. இருந்தாலும் நான் 'பன்றித்தோப்பு மருமகள்' ஆகிவிட்டேன். மிட்சுயே என்று என் அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. தபால்காரர்கூட அதைச் சொல்வதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர்க்காரர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை. பூப் பார்க்க வெளியூரிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்களே, அவர்களுக்கு வழி காட்டுகிறவன் எங்கள் தோப்பு வாசலில் நின்று, "இங்க ஒண்ணுமில்லீங்க, பன்றித்தோப்பு, வாங்க போலாம்" என்று கையை வீசிவிட்டுப் போவான். ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூவைக் குறை சொல்ல மாட்டேன். கத்தக்குரி தலையைக் குனிந்துகொண்டுதான் பூக்கும். ஆனால் ஊதா இதழ்களை மட்டும் கூந்தலை அள்ளி முடிந்த மாதிரி பின்னால் வளைத்துக்கொள்ளும். வெயில் சுள்ளென்று அடித்தால்தான் விரியும். குளிரும் மேகமுமான நாளில் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் திறக்காது, பச்சைக் குச்சி மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்கும். ரோஷக்காரப் பூ. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதத்தில் ஒருநாள், மேட்டுத் தோப்பு தொமோயேயிடம் போய் நின்றேன். தொமோயே என் சிநேகிதி. அதாவது என்னைக் கேலி செய்யும் முழு உரிமையும் பெற்றவள். அவள் தோப்பு எங்கள் தோப்புக்கு மேலே, அதே சரிவில் இருக்கிறது. ஏப்ரலில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது, அத்தனை பூ.

"கொஞ்சம் விதை குடு."

"செடியாவே தோண்டிக்கோயேன்டி. விதை போட்டுப் பூக்குறதுக்குள்ள நீ கிழவியாயிடுவ."

"இப்ப மட்டும் குமரியா இருக்கேனா? உன் செடியத் தோண்டி நட்டா, பூக்குறது உன் பூ. எனக்கு என் பூ வேணும்."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு டீக் கோப்பை நிறைய விதை தந்தாள். ஒவ்வொரு விதையின் நுனியிலும் வெள்ளையாக ஒரு சதைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் சரிவின் உச்சியில், அவள் எல்லையை ஒட்டி, பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் இடத்தைச் சுத்தம் செய்து விதைத்தேன். நான்கு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் எறும்புகள் ஊர்வலம் போகின்றன. அந்த வெள்ளைத் துணுக்கு அவற்றுக்குத் தின்பண்டம். ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. நான் திட்டின திட்டுக்கு எறும்புக்குக் காது இருந்திருந்தால் ஊரைவிட்டே போயிருக்கும். மாமனாரின் பன்றிகளுக்கு மிஞ்சியதை எறும்பு தின்னட்டும், என் தலையெழுத்து என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மிச்சம் கிடந்தவை அடுத்த வசந்தத்தில் முளைத்தன. இலை என்று சொல்ல முடியாது, பச்சைத் தலைமயிர். அதற்கடுத்த வருடம் நகத்தளவு ஓர் இலை. அடுத்த வருடம் கட்டைவிரலளவு ஓர் இலை. எப்போதும் ஒரே இலை. கத்தக்குரிக்கு இரண்டாவது இலை வந்தால்தான் பூ வரும். இந்த ஒற்றை இலையும் இரண்டு மாதம் தாங்காது. மரங்கள் தழைத்து நிழல் விழுந்ததும் பழுத்துப் போய், கிழங்கு மண்ணுக்குள் தூங்கிவிடும். வருடத்தில் பத்து மாதம் தூங்குகிற பிள்ளையை வளர்ப்பது எப்படி இருக்கும்? நான் வளர்த்தேன். புல் பிடுங்கினேன், மரத்திலிருந்து விழுந்த கஷ்கொட்டை முள்தோல்களைப் பொறுக்கினேன், கயிற்றைப் புதுசாக மாற்றினேன்.

"உன் ஒத்த இலை சௌக்கியமா?" என்பாள் தொமோயே, பார்க்கும்போதெல்லாம்.

"உன் வாய் சௌக்கியமா இருக்கிற வரைக்கும் அதுவும் சௌக்கியம்," என்பேன்.

என் வீட்டுக்காரர் இசாவோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். மற்ற காலத்தில் தோப்பும் வயலும். தங்கமான மனிதர். அவர் வாயில் 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. யார் எது கேட்டாலும் 'சரி'. அந்த வாய்க்கு ருசி ஒன்றுதான் பெரிது. பனி உருகி முதல் பச்சை எங்கே தலைகாட்டினாலும் முதலில் பார்ப்பது அவர் கண்தான். சருகுக்குள் ஒளிந்திருக்கும் கீரைத்துளிரை வண்டியில் போகும்போதே கண்டுபிடித்து இறங்கிவிடுவார். மனைவி புதுச் சட்டை போட்டால் மட்டும் தெரியாது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஊர்ச் சங்கக் கூட்டம். பூப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் ஊர்ச் சந்துகளை அடைத்துக்கொண்டு, போன வருடம் தீயணைப்பு வண்டியே உள்ளே வர முடியாமல் நின்றுவிட்டது. வண்டி நிறுத்த ஓர் இடம் வேண்டும். தலைவர் குமகாய் நியாயஸ்தர். அதுதான் தொல்லை. அநியாயக்காரர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிடலாம்.

"ஊர்ல பூ இல்லாத தோப்பு ஒண்ணுதான் இருக்கு," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "கீழ்ப்பக்கம் நல்ல சமதரையா வேற இருக்கு. இசாவோ, உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

என் வீட்டுக்காரர் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயை மென்றுகொண்டே, "சரி," என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "என்னங்க சரி? மரத்த வெட்டி ஜல்லி கொட்டப்போறாங்க. சரியா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஜல்லியா? அது... அது சரியில்லதான்."

கூடம் சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடு. உண்மையைச் சொன்னால் அந்த மரங்களின் கொட்டையில் பாதி புழு. அதற்காக நான் அழவில்லை. பூப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் தோப்பில் வண்டியை விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்கள் தோப்புக்கு நடந்து போவார்கள். பன்றித்தோப்பு அத்தோடு 'வண்டித்தோப்பு' ஆகும், நான் வண்டித்தோப்பு மருமகளாகவே சாவேன்.

"இந்த வருஷம் என் தோப்புல பூக்கும்," என்றேன்.

தொமோயே என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, வாயக் குடுத்து மாட்டிக்கிற?"

குமகாய் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "நியாயமாப் பேசுவோம்மா. வெளியூர்க்காரங்களுக்குத் தோப்பத் திறந்துவிடுற பூத் திறப்பு நாள் அன்னிக்கு உன் தோப்புல பூ இருந்தா, அந்தப் பக்கம் ஜல்லி லாரி வராது. இல்லேன்னா அன்னிக்கே கோடு போட்டு வண்டிய விட்டுருவோம், கோடையில மரத்த எடுத்துருவோம். வாக்கு வாக்குதான். சம்மதமா?"

"சம்மதம்."

வீட்டுக்கு நடக்கும்போது இசாவோ கேட்டார். "பூக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"சரி," என்றார்.

ஏப்ரல் வந்தது. சரிவின் உச்சியில்தான் பனி முதலில் உருகும். நான் போய்ப் பார்த்தபோது என் குச்சிகளும் கயிறும் இருந்த இடத்தில் இல்லை. நனைந்து கனத்த பனி சரிவில் மெல்ல இறங்கும்போது அவற்றையும் தள்ளிக்கொண்டு போய், நாலைந்து அடி கீழே கிடத்தியிருந்தது. நான் விதைத்த இடம் எனக்குத் தெரியாதா? குனிந்து பார்த்தேன். மூன்று செடிகள். மூன்றிலும் இரண்டிரண்டு இலை. நடுவில் காம்பு, காம்பில் மொட்டு. அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்தேன். எட்டு வருடம்! பெற்ற பிள்ளை முதன்முதலாக எழுந்து நின்றபோதுகூட நான் இப்படிச் சிரிக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். இசாவோவிடம் சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்று நான் சொன்னாலும் 'சரி' என்பார், சொல்லு என்று ஊர் கேட்டாலும் 'சரி' என்பார். கயிற்றையும் இழுத்துச் சரி செய்யவில்லை. வருகிற போகிற கண்ணெல்லாம் கயிற்றுக்குள்ளேயே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குள்ளும் நாலைந்து ஒற்றை இலைகள் முளைத்துத்தான் இருந்தன. அவை அங்கே எப்படி வந்தன என்று நான் யோசிக்கவே இல்லை. பெரிய ராஜதந்திரம் செய்துவிட்ட மிதப்பு.

பூத் திறப்புக்கு முந்தின நாள் முழுக்க ஊர்க் கூடத்தில் பெண்களோடு சேர்ந்து மோச்சிப் பலகாரத்துக்கு அரிசி இடித்தேன். தோள் கழன்றுவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இசாவோ கால்நீட்டி உட்காரச் சொன்னார். அரிசிக் கள் சூடு செய்து வைத்திருந்தார். கிண்ணத்தில், வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்த கீரை. மேலே சோயா, சீவின கருவாடு. இந்த வருடத்தின் முதல் காட்டுக்கீரை.

ஒரு வாய் போட்டேன். வழவழவென்று, கடிக்கும்போது லேசாக நறுக்கென்று, கடைசியில் ஓர் இனிப்பு. "என்னங்க இது, இவ்வளவு நல்லா இருக்கு?"

மனிதருக்கு முகம் மலர்ந்தது. "கத்தக்குரி! கொழுகொழுன்னு மொட்டோட. தொமோயே ரெண்டு நாளா சொல்லிட்டிருந்தா, என் தோப்புக் கீழோரமா பறிச்சுக்கோங்கன்னு. இன்னிக்குத்தான் போனேன்."

சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தேன். "எங்க பறிச்சீங்க?"

"அதான் சொன்னேனே. நம்ம கயித்துக்கு மேல, அவ பக்கம். உன் கயித்துக்குள்ள ஒண்ணக்கூடத் தொடல." நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "சத்தியமா. எட்டிக் கால்கூட வைக்கல."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கே எட்டிவிட்டது, அதுதான் என் கேடு. கயிறு நகர்ந்த கதையைச் சொன்னேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். அதில் ஓர் இலை மிச்சம் இருந்தது.

"கிழங்கு மண்ணுலதான் இருக்கு," என்றார் குரல் இல்லாமல். "இலையத்தான் பறிச்சேன். அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் தோப்புல ஜல்லி இருக்கும்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் அழுகை வந்தது, கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கீரை நாக்கில் இனித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல? கடைசி இலையையும் நானே தின்றேன். எட்டு வருடம் வளர்த்தவள் நான், வேறு யார் தின்பது?

விடிந்தால் திறப்பு நாள். குளிர், மேகம். குமகாயும் இரண்டு பேரும் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார்கள். தொமோயேயும் வேடிக்கை பார்க்க வந்தாள். கயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார் குமகாய். ஒற்றை இலைகள். மேலே பார்த்தார். பறித்த இடத்தில் வெறும் மண்.

"பூ இருந்துச்சு, தலைவரே," என்றார் இசாவோ. "மூணு. நான்தான் தின்னுட்டேன்."

கூட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நல்ல சாக்குண்ணே! பரீட்சைத் தாளக் கழுதை தின்னுடுச்சுங்கிற மாதிரி!"

"சத்தியமா தின்னாரு," என்றேன். "நானும் சேர்ந்து தின்னேன்."

தொமோயே வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப் பாவி மனுஷா! என் கீழோரம்னா அதுக்கும் மேலங்க!"

குமகாய் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. "நான் நம்புறேன்மா. ஆனா தின்ன பூவக் காட்ட முடியாதே. ஊருக்கு என்ன பதில் சொல்லுவேன்? வாக்கு வாக்குதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தலையாட்டினேன்.

அவர்கள் கீழே சமதரையில் கோடு போடத் தொடங்கினார்கள். பழைய பன்றிக் கொட்டகை இருந்த இடம் அது. பன்றிகளுக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டி இன்னும் கிடக்கிறது. பள்ளமாக இருப்பதால் பனி அங்கேதான் கடைசிவரை தேங்கும். அந்த வாரம்தான் உருகியிருந்தது. சருகும் முள்தோலுமாக அழுகிக் கிடந்த தரையில் வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் போய், அழுக்கே இல்லாத சட்டிகளைத் தேய்த்தேன்.

வண்டிகளை உள்ளே விட்டு நிறுத்தவைக்கும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? இசாவோவிடம்! கையில் சிவப்பாக ஒளிரும் கோல், தலையில் சங்கத்துத் தொப்பி. கோடு போடும்போதே கேட்டார்களாம், 'சரி' என்றாராம்.

பத்து மணிவாக்கில் ஜன்னல் பளிச்சென்றது. மேகம் விலகி, வெயில் இறங்கியது. சந்து முனையில் கார்களின் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள் என்று நினைத்தபோதே, விடாமல் ஹாரன் அடிக்கும் சத்தம். ஜன்னலைத் திறந்தேன். தோப்பு வாசலில், முதல் காரின் முன்னால், என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஏழெட்டு வண்டி.

"இசாவோ! வழிய விடுய்யா!" குமகாய் மேலேயிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"முடியாது."

நான் கையில் இருந்த சட்டியைக் கீழே போட்டேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்கிறேன்.

"என்ன முடியாது? கோடு போட்டாச்சு, ஊரே பாத்துக்கிட்டு நிக்குது!"

"முடியாது, தலைவரே. இடமில்ல."

"காலி மைதானமா கெடக்குது, இடமில்லேங்குற! ராத்திரி தின்ன கீரை தலைக்கு ஏறிடுச்சா?"

"நீங்களே போய்ப் பாருங்க. மெதுவா. காலப் பாத்து வைங்க." திரும்பி, ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்துக் கூவினார். அந்தக் குரலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "மிட்சுயே! ஓடியா! உன் புள்ளைங்க வந்து நிக்குது!"

செருப்பு மாட்ட நேரமில்லை. காலுறையோடு ஓடினேன்.

வெள்ளைக் கட்டங்களுக்குள் கத்தக்குரி பூத்திருந்தது. ஒரு கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, கல்தொட்டியை ஒட்டின கட்டத்தில் கொத்தாக ஒரு கூட்டமே. ஈரம் உலரும் வெயிலில் இதழ்களைப் பின்னால் வளைத்துக்கொண்டு, நேரத்தோடு வந்து அவரவர் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்ட மாதிரி நின்றன. காலையில் குளிரில் வாயை மூடிக்கொண்டு, அழுகின சருகின் நிறத்தில் புள்ளி விழுந்த இலைகளோடு கிடந்திருக்கின்றன. கோடு போட்டவர்கள் கண்ணிலும் படவில்லை, அழுதுகொண்டு நின்ற என் கண்ணிலும் படவில்லை. எட்டு வருடம் கயிற்றுக்குள்ளேயே குனிந்து தேடின எனக்கு, நிமிர்ந்து நாலு பக்கம் பார்க்கத் தோன்றவில்லையே. கீரை தேடுகிற கண்தான் பார்த்தது.

மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பூவின் தாடையைத் தூக்குகிற மாதிரி விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளே, இதழ்களின் அடியில், கரு ஊதாவில் அலை அலையாக ஒரு கோலம். தொமோயே தோப்பில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் இது என் பூ. சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன், வெட்கமே படவில்லை.

குமகாய் எனக்குப் பக்கத்தில் மெதுவாகக் குந்தினார். "இத யாரும்மா இங்க போட்டா?"

"எறும்பு," என்றேன். "நான் மேல விதைச்சதத் தூக்கிட்டு வந்து... நான் அன்னிக்கு அதுங்களை என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா!"

"எறும்பு மட்டுமா?" தொமோயே கல்தொட்டியைத் தட்டினாள். "பனித்தண்ணியும் இழுத்துட்டு வந்திருக்கும். வந்து சேந்த இடத்தப் பாரு. பன்னி போட்ட எருவுலதான் இப்படிக் கொழுத்திருக்கு. தின்னதையெல்லாம் வட்டியும் முதலுமா வச்சுட்டுத்தான் போயிருக்குங்க, உன் மாமனார் பன்னிங்க. என் பூவவிடப் பெருசுடி! பாக்கவே எரியுது எனக்கு." பிறகு சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே முளைத்திருந்த ஒரு பூவைக் காட்டினாள். "இது மட்டும் உன் வீட்டுக்காரர் நிறுத்துன வண்டி மாதிரி இருக்கு."

குமகாய் சிரித்துவிட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். தன் குட்டி லாரிக்குப் போய், பின்னால் கிடந்த பலகைகளைப் புரட்டினார். திருவிழா நாட்களில் சங்கம் உபயோகிக்கும் பலகைகள் அவை. ஒன்றை உருவிக்கொண்டு வந்து, தோப்பு வாசலில், முதல் காருக்கு நேரே, தன் கையாலேயே நட்டார். 'இடம் நிறைந்துவிட்டது' என்று எழுதியிருந்தது.

"வாக்கு வாக்குதான்," என்றார் என்னிடம்.

"அப்ப இந்த வண்டியெல்லாம் எங்க தலைவரே போறது?" என்றான் காரில் இருந்தவன்.

"தலைவர் வீட்டு வாசல் பெருசு," என்றாள் தொமோயே, அவர் வாயைத் திறப்பதற்குள். "ஊர்லயே பெருசு. என்ன தலைவரே, நியாயந்தானே?"

நியாயஸ்தர் என்ன செய்வார்? கொஞ்ச நேரத்தில் குமகாயின் மனைவி ஊறுகாய் ஜாடிகளை அவசர அவசரமாக ஒதுக்குவதும், அவரை உண்டு இல்லை என்று பண்ணுவதும் எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது. இசாவோ தன் ஒளிக்கோலோடு அங்கே போய், வருகிற ஒவ்வொரு காருக்கும் 'சரி, சரி' என்று வழி காட்டிக்கொண்டிருந்தார்.

மனிதர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். வழக்கமாக எங்கள் வாசலில் நிற்காதவர்கள் அன்று பலகையைப் பார்த்து நின்றார்கள். வண்டியே இல்லாத இடத்தில் இடம் நிறைந்துவிட்டது என்று எழுதியிருந்தால் யார்தான் எட்டிப் பார்க்க மாட்டார்கள்? பார்த்தவர்கள் குனிந்தார்கள். குனிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் காலுறையெல்லாம் சேறோடு, "அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா வாங்க, சருகுல கால் வைக்காதீங்க" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

வெளியூர்ப் பெண் ஒருத்தி, தொப்பியை மார்பில் அணைத்துக்கொண்டு, கல்தொட்டிப் பக்கம் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "எவ்வளவு அழகா இருக்குங்க! நாங்க வருஷா வருஷம் வர்றோம், இதப் பார்த்ததே இல்லையே. இந்தத் தோப்புக்குப் பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

தொமோயே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பன்றித்தோப்பு," என்றேன், சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரி.